அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் தொடக்க இயற்கணிதம்: சேர்க்கை முதல் இறுதித் தேர்வு வரை முழுமையான வழிகாட்டி

பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள், பல ஆண்டுகள் வேலை பார்த்தபின் பட்டம் பெற நினைப்பவர்கள், செவிலியர் படிப்புக்கோ கணக்கியல் படிப்புக்கோ ஆயத்தமாகிறவர்கள், வாழ்க்கைத் துணையுடன் அமெரிக்காவுக்கு வந்து படிப்பைத் தொடர விரும்புகிறவர்கள் ஆகிய பலருக்கும் அங்கே முதலில் திறந்திருக்கும் கதவு சமுதாயக் கல்லூரிதான். 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய இந்த மரபு இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. கலிபோர்னியாவில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் இயங்குகின்றன. நுழைவுத் தேர்வில் யாரையும் கழித்துக்கட்டாமல் சேர்த்துக்கொள்வது இவற்றின் சிறப்பு. ஆனால் உள்ளே வந்தவர்களில் பலர் நெடுங்காலமாகத் தடுமாறி நின்ற இடம் கணிதம், அதிலும் குறிப்பாகத் தொடக்க இயற்கணிதம்.

இது அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் முதலாம் இயற்கணிதத்துக்கு ஈடான பாடம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை வைத்துச் சொன்னால், 8 முதல் 10ஆம் வகுப்பு வரை பரவிக் கிடக்கும் நேரியல் சமன்பாடு, வரைபடம், பல்லுறுப்புக்கோவை, காரணிப்படுத்தல், விகிதமுறு கோவை, வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு ஆகியவற்றை ஒரே பருவத்தில் நடத்தி முடிப்பார்கள். பாடத்தின் கடினத்தைவிட அதன் வேகமே பெரும்பாலானவர்களைத் திணறடிக்கிறது என்பது என் கருத்து. எனவே இந்த வழிகாட்டி கணக்குப் போடும் முறைகளோடு நில்லாமல், இப்பாடம் உங்களுக்குத் தேவையா என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

முதல் படி: இந்தப் பாடம் உங்களுக்கு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

தொடக்க இயற்கணிதம் பெரும்பாலான கல்லூரிகளில் கல்லூரி நிலைக்குக் கீழான பாடமாகவே கருதப்படுகிறது. அதற்குக் கட்டணம் உண்டு, மதிப்பெண் உண்டு, ஆனால் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது அந்த கிரெடிட்டுகள், அதாவது பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளிகள், பட்டப்படிப்புக் கணக்கில் சேர்வதில்லை. முன்பெல்லாம், எந்தப் பாடத்தில் சேர்வது என்று முடிவு செய்யும் நிலைத் தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்த மாணவர் எண்கணிதம், முன்னியற்கணிதம், தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என நான்கு பருவங்களைக் கடந்த பிறகே கல்லூரி நிலைக் கணிதத்தைத் தொட முடியும். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் சிலர் தோற்றார்கள். தேர்ச்சி பெற்ற சிலரும் அடுத்த பாடத்துக்குப் பதிவு செய்யாமல் விலகினார்கள். இப்படிப் படிப்படியாகக் கரைந்து, கடைசி வரை வந்து சேர்ந்தவர்கள் மிகச் சிலரே.

இந்த நிலையை மாற்றப் பல மாநிலங்கள் சட்டமே இயற்றின. புளோரிடா 2013இல், அண்மையில் அரசுப் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு இத்தகைய அடிப்படைப் பாடங்களைக் கட்டாயமற்றவையாக்கியது. கலிபோர்னியாவில் 2017இல் கையெழுத்தான ஏபி 705 சட்டம், உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களைக் கொண்டே மாணவரின் கணித நிலையைத் தீர்மானிக்க வேண்டும் என்றும், ஓராண்டுக்குள் கல்லூரி நிலைக் கணிதத்தை முடிக்கும் வாய்ப்பு மிகுதியாக இருக்கும்படி அவரைச் சேர்க்க வேண்டும் என்றும் விதித்தது. 2022இன் ஏபி 1705 அதை மேலும் இறுக்கியது. டெக்சாஸ் 2017இல் உடன்நிகழ் துணை வகுப்பு முறையைச் சட்டமாக்கியது. இம்முறையில் மாணவர் நேரடியாகக் கல்லூரி நிலைக் கணிதத்தில் சேர்ந்து, அதே பருவத்தில் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்கும் துணை வகுப்பிலும் உட்காருவார்.

இதற்கு ஆதாரம் உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில், தொடக்க இயற்கணிதம் தேவை என மதிப்பிடப்பட்ட 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. வழக்கமான தொடக்க இயற்கணித வகுப்பில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினரும், அதே வகுப்போடு வாராந்தரப் பயிற்சியும் பெற்றவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரும், இயற்கணிதத்தை விட்டுவிட்டு நேரடியாகக் கல்லூரி நிலைப் புள்ளியியலில் வாராந்தரப் பயிற்சியுடன் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரும் தேர்ச்சி பெற்றார்கள்.

ஆகவே ஆலோசகரைச் சந்திக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘நான் எடுக்கப்போகும் பட்டத்துக்கு எந்தக் கணிதம் தேவை?’ என்பதே. உளவியல், சமூகப்பணி, வரலாறு போன்ற துறைகளுக்குப் பெரும்பாலும் புள்ளியியல் போதும். செவிலியர் படிப்பிலும் பல கல்லூரிகள் புள்ளியியலையே கேட்கின்றன. பொறியியல், கணினி அறிவியல், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுக்கு நுண்கணிதம் வரை போக வேண்டியிருப்பதால் இயற்கணிதத்தைத் தாண்டிச் செல்ல வழியே இல்லை. வணிகவியல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தைப் பொறுத்து அது மாறும்.

அப்படியானால் இந்தப் பாடம் இன்று யாருக்குத்தான் பயன்படும்? உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கும், இயற்கணிதத்தைக் கேட்கும் தொழிற்கல்விச் சான்றிதழ் படிப்புகளில் சேர்பவர்களுக்கும், பள்ளியை விட்டு நெடுங்காலம் ஆகி எதிர்க்குறி எண்களே மறந்துபோனவர்களுக்கும் இது உண்மையாகவே உதவும். அறிவியல் துறைகளுக்குப் போக விரும்பியும் அடித்தளம் பலவீனமாக இருப்பவர்கள் இதைக் கூச்சமின்றி எடுக்கலாம். ஒரு பருவத்தைச் செலவழித்து உறுதியாக்கிக்கொண்டால் பின்னால் வரும் பாடங்களில் அந்த நேரம் திரும்பக் கிடைக்கும். கலிபோர்னியாவில் இப்பாடம் கிரெடிட் வகுப்பாகக் கிடைப்பது அரிதாகிவிட்டாலும், கிரெடிட் இல்லாத வகுப்பாகவும் வயது வந்தோர் கல்விப் பள்ளிகளிலும் கிடைக்கிறது. அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளின் கிரெடிட் இல்லாத வகுப்புகளுக்குச் சேர்க்கைக் கட்டணமே கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாம் படி: நிலைத் தேர்வை அலட்சியமாக எழுதாதீர்கள்

எந்தப் பாடத்தில் உங்களை அமர்த்துவது என்று கல்லூரி முடிவு செய்யும் வழி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சில இடங்களில் பள்ளி மதிப்பெண் பட்டியலே போதும். வெளிநாட்டில் படித்தவர்கள் தங்கள் சான்றிதழ்களை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, அமெரிக்க முறைக்கு ஏற்ப மதிப்பிட்டுப் பெற்ற அறிக்கையைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டியிருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்தவர் இந்த அறிக்கையைக் காட்டாமல் தேர்வுக்குப் போய், பழக்கம் விட்டுப்போனதால் குறைந்த மதிப்பெண் வாங்கி, தேவையில்லாத பாடத்தில் உட்காருவது நடக்கக்கூடியதே. ஆகவே சான்றிதழ்களை முதலில் சரிசெய்யுங்கள்.

தேர்வு எழுத வேண்டியிருந்தால், அது பெரும்பாலும் காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு நடத்தும் அக்குபிளேசராகவோ, அலெக்ஸ் எனப்படும் கணினிவழித் தேர்வாகவோ இருக்கும்; டெக்சாஸுக்கு டிஎஸ்ஐஏ2 என்ற தனித் தேர்வு உண்டு. அக்குபிளேசருக்கு நேர வரம்பு இல்லை, ஒவ்வொரு பகுதிக்கும் 200 முதல் 300 வரை மதிப்பெண் தரப்படும். அலெக்ஸில் அதிகபட்சம் 30 கேள்விகள் வரும். நீங்கள் சொல்லும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். இரண்டையும் பல கல்லூரிகளில் மறுபடியும் எழுத அனுமதி உண்டு.

தேர்வுக்கு முன் இரண்டு மூன்று வாரம் ஒதுக்கிப் பின்னம், தசமம், விழுக்காடு, எதிர்க்குறி எண்கள், செயல்களின் வரிசை ஆகியவற்றை மட்டுமாவது திரும்பப் பாருங்கள். மறந்ததை நினைவூட்டிக்கொள்வதில் தவறேதும் இல்லை. ஆனால் வீட்டில் எழுதும் தேர்வுக்கு மற்றவர் உதவியை நாடுவது உங்களுக்கே தீங்கு. தகுதிக்கு மேற்பட்ட வகுப்பில் முதல் வாரமே மூச்சுத் திணறும்.

மூன்றாம் படி: பதிவு, கட்டணம், விசா

விண்ணப்பம் பெரும்பாலும் இலவசம். கலிபோர்னியாவில் மாநில வாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (கிரெடிட்டை அங்கே இப்படி அழைப்பார்கள்) 46 டாலர். காலாண்டு முறையில் நடக்கும் கல்லூரிகளில் ஒரு காலாண்டு யூனிட்டுக்கு 31 டாலர். தொடக்க இயற்கணிதம் பொதுவாக 4 அல்லது 5 யூனிட் கொண்ட பாடம் என்பதால், செமஸ்டர் கல்லூரி ஒன்றில் 5 யூனிட்டுக்கு 230 டாலரும் சில சிறு கட்டணங்களும் ஆகும். மாநில வாசியாகக் கருதப்படாதவர்களுக்கு இது பல மடங்கு உயரும். குடியிருப்பு நிலை குறித்த ஆவணங்களைச் சேர்க்கை அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்துத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களும் ஃபாஃப்சா படிவத்தை நிரப்பி மத்திய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரி நிலைக்குக் கீழான பாடங்களுக்கு இந்த உதவி ஓராண்டுப் படிப்பளவுக்கே, அதாவது 30 செமஸ்டர் கிரெடிட்டுகளுக்கே, கிடைக்கும் என்ற வரம்பை நினைவில் வையுங்கள். எச்-4 விசாவிலோ (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது) எஃப்-1 என்ற மாணவர் விசாவிலோ இருப்பவர்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. எச்-4இல் இருப்பவர்கள் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ படிக்கலாம். எஃப்-2இல் (எஃப்-1 மாணவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது) இருப்பவர்கள் பட்டப்படிப்புகளைப் பகுதிநேரமாக மட்டுமே படிக்க முடியும். எஃப்-1 மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 யூனிட் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் இணையவழி வகுப்பு ஒன்று மட்டுமே, அதுவும் 3 யூனிட் வரை மட்டுமே சேரும். ஆகவே எஃப்-1இல் இருப்பவர்கள் கணித வகுப்பை நேரடி வகுப்பாக எடுப்பதே பாதுகாப்பானது.

எந்தப் பிரிவில் சேர்வது என்பதில் ஆசிரியரின் பெயரைவிடக் கால அளவையும் நேரத்தையும் கவனியுங்கள். ஒரே பாடம் 16 வாரத்திலும் நடக்கும், 8 வாரத்திலும் நடக்கும். எட்டு வார வகுப்பில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் இரண்டு அத்தியாயம் கையை விட்டுப் போய்விடும். வேலைக்கும் போய்க்கொண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொள்பவர்களுக்கு அது உகந்ததல்ல. முழுக்க இணையவழியில் நடக்கும் வகுப்பைக் கணிதத்தில் நெடுநாள் இடைவெளி விட்டவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கணக்கில் எங்கே சறுக்குகிறோம் என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவரே சட்டென்று சொல்ல முடியும். வகுப்பு நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு முதல் நாளே போய் உட்காருங்கள். முதல் வாரத்தில் இடம் காலியாவது வழக்கம்.

நான்காம் படி: முதல் இரண்டு வாரங்கள்

முதல் வகுப்பில் தரும் சிலபஸை வீட்டுக்கு வந்து வரி விடாமல் படியுங்கள். வீட்டுப்பாடத்துக்கு எத்தனை விழுக்காடு, தேர்வுகளுக்கு எத்தனை, இறுதித் தேர்வுக்கு எத்தனை, எத்தனை வகுப்பு தவறினால் பெயர் நீக்கப்படும், கால்குலேட்டருக்கு அனுமதி உண்டா, தாமதமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என எல்லாமே அதில் எழுதப்பட்டிருக்கும். தேர்வு நாட்களை அன்றே நாட்காட்டியில் குறித்துவைத்து, வேலையிடத்தில் விடுப்பும் சொல்லிவிடுங்கள்.

பாடநூலை ஆசிரியர் சொல்லும் வரை வாங்க வேண்டாம். பல பிரிவுகளில் மைலேப் அல்லது அலெக்ஸ் போன்ற வீட்டுப்பாட மென்பொருளுக்கான அணுக்கக் குறியீட்டை வாங்க வேண்டியிருக்கும், அதோடு மின்னூலும் வந்துவிடும். பழைய புத்தகத்தில் உள்ள குறியீடு ஒருமுறை பயன்படுத்தப்பட்டிருந்தால் மறுபடி செல்லாது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்டுள்ள தொடக்க இயற்கணிதப் பாடநூல் இணையத்தில் முழுக்க இலவசம்; உங்கள் வகுப்பு வேறு நூலைப் பின்பற்றினாலும் கூடுதல் பயிற்சிக்கு அது போதுமானது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் வீட்டில் படிக்க வேண்டும் என்பதே கிரெடிட்டின் அடிப்படைக் கணக்கு. ஐந்து யூனிட் பாடம் என்றால் வகுப்பில் 5 மணி, வீட்டில் 10 மணி, ஆக வாரம் 15 மணி. முழுநேர வேலையில் இருப்பவர் அந்தப் பருவத்தில் இன்னொரு கனமான பாடத்தைச் சேர்த்துக்கொண்டால் இரண்டுமே கெடும். அந்த 10 மணியையும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்காமல் நாளுக்கு ஒன்றரை மணியாகப் பிரியுங்கள். வகுப்பு முடிந்த அன்றே குறிப்பைத் திறந்து, ஆசிரியர் போட்டுக்காட்டிய கணக்கை விடையை மறைத்துவிட்டு வெற்றுத்தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒருவர் போடுவதைப் பார்க்கும்போது புரிந்ததாகத் தோன்றுவது வேறு, தனியாக உட்கார்ந்து போட முடிவது வேறு. இந்த வித்தியாசத்தைத் தேர்வு அறையில் தெரிந்துகொள்வதைவிட அன்று மாலையே தெரிந்துகொள்வது நல்லது.

ஐந்தாம் படி: பாடத்துக்குள், தவறுகள் பிறக்கும் இடங்கள்

இந்தப் பகுதியில் மாறியை ‘ம’ என்ற எழுத்தால் குறிக்கிறேன். வகுப்பில் அந்த இடத்தில் எக்ஸ் நிற்கும்.

இயற்கணிதத்தில் தோற்பவர்களின் விடைத்தாளைக் கூர்ந்து பார்த்தால், புதிய பாடத்தில் அல்ல, பழைய எண்கணிதத்தில்தான் பெரும்பாலும் தவறு இருக்கும். முதலாவது குறி. −3² என்றால் −9. (−3)² என்றால் 9. அடைப்புக்குறி இல்லாதபோது அடுக்கு 3ஐ மட்டுமே சேர்கிறது, எதிர்க்குறி பின்னர்தான் வருகிறது. 5 − 2(ம − 3) என்ற கோவையை விரிக்கும்போது பலர் 5 − 2ம − 6 என்று எழுதிவிடுவார்கள். அடைப்புக்கு வெளியே நிற்பது 2 அல்ல, −2. அது −3ஐப் பெருக்கும்போது +6 ஆகிறது. எனவே சரியான விடை 11 − 2ம. இப்படிப்பட்ட கணக்குகளில் குறியையும் எண்ணையும் சேர்த்தே வட்டமிட்டுப் பழகினால் சில நாட்களில் கை தானாகத் திருந்திவிடும்.

இரண்டாவது பின்னம். 2ம/3 − 1/2 = ம/6 + 1 என்ற சமன்பாட்டைப் பாருங்கள். பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு 6. இருபுறத்தையும் 6ஆல் பெருக்கினால் 4ம − 3 = ம + 6 என்றாகி, 3ம = 9, ம = 3 என்று முடியும். இங்கே நடக்கும் வழக்கமான பிழை, பின்னமாக இல்லாத அந்தக் கடைசி 1ஐப் பெருக்காமல் விடுவது; அப்போது 4ம − 3 = ம + 1 என்று வந்து ம = 4/3 என்ற தவறான விடை கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆசிரியர் தேவையில்லை. ம = 3 என்று முதல் சமன்பாட்டில் பிரதியிட்டால் இடப்புறம் 2 − 1/2, அதாவது 3/2; வலப்புறம் 1/2 + 1, அதுவும் 3/2. விடையைப் பிரதியிட்டுச் சரிபார்க்கும் இந்தப் பழக்கம் ஒன்றே தேர்வில் பல மதிப்பெண்களைக் காப்பாற்றும்.

சமனிலிகளில் ஒரே விதி புதிது: எதிர்க்குறி எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்ப வேண்டும். −2ம < 8 என்றால் ம > −4. ஐயம் வந்தால் 0 போன்ற எளிய எண்ணை இரண்டிலும் இட்டுப் பாருங்கள்.

சொற்கணக்குகளைக் கண்டாலே பலர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களுக்கு இது கூடுதல் சுமை என்பது உண்மைதான், ஆனாலும் இவை சில வகைகளுக்குள் அடங்கிவிடும். செவிலியர் படிப்புக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமாக வேண்டிய கலவைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம்: 10 விழுக்காட்டுக் கரைசலையும் 30 விழுக்காட்டுக் கரைசலையும் கலந்து 20 லிட்டர் 25 விழுக்காட்டுக் கரைசல் செய்ய வேண்டும். கேள்வியைப் படித்தவுடன் சமன்பாடு எழுதப் பாயாமல், எதைக் கேட்கிறார்கள் என்பதை முதலில் ஒரு வரியாக எழுதுங்கள்: ‘30 விழுக்காட்டுக் கரைசலின் அளவு = ம லிட்டர்’. மொத்தம் 20 லிட்டர் என்பதால் மற்றொன்று 20 − ம. பிறகு கரைசலின் அளவை விட்டுவிட்டு, அதில் கரைந்திருக்கும் பொருளின் அளவை மட்டும் கணக்கிடுங்கள். 0.30ம + 0.10(20 − ம) = 0.25 × 20. சுருக்கினால் 0.20ம = 3, ம = 15. ஆக 15 லிட்டரும் 5 லிட்டரும் வேண்டும். விடை பொருந்துகிறதா என்றும் யோசியுங்கள்: 25 என்பது 10ஐவிட 30க்கு நெருக்கமானது, எனவே 30 விழுக்காட்டுக் கரைசல்தான் அதிகம் தேவைப்பட வேண்டும். எழுதிய விடை இதற்கு மாறாக இருந்தால் எங்கோ பிசகியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

வரைபடங்களும் இரு மாறிச் சமன்பாடுகளும் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கலின்றிக் கடந்துவிடும். சாய்வு என்பது கிடையாக ஓர் அலகு நகர்ந்தால் குத்தாக எத்தனை அலகு மாறுகிறது என்பதுதான். (2, 3), (6, 11) ஆகிய புள்ளிகளுக்கு அது 8/4, அதாவது 2. கழிக்கும்போது இரண்டு இடத்திலும் ஒரே வரிசையைப் பின்பற்றினால் போதும்.

உண்மையான மலை பல்லுறுப்புக்கோவையும் காரணிப்படுத்தலும்தான். பருவத்தின் நடுப்பகுதியில், களைப்பு தொடங்கும் நேரத்தில், இது வந்து சேர்கிறது; இதற்குப் பின் வரும் விகிதமுறு கோவைகளும் இருபடிச் சமன்பாடுகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. (ம + 3)² என்பதை ம² + 9 என்று எழுதும் பிழையை எத்தனை முறை சொன்னாலும் போகாது, நீங்களே எண்ணை இட்டுப் பார்த்தால்தான் போகும்: ம = 2 என்றால் முதலாவது 25, இரண்டாவது 13. சரியான விரிவு ம² + 6ம + 9.

காரணிப்படுத்த 6ம² + 7ம − 3 என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். முதல் கெழுவையும் கடைசி எண்ணையும் பெருக்கினால் −18. பெருக்கினால் −18, கூட்டினால் 7 தரும் இரண்டு எண்கள் 9, −2. நடு உறுப்பை அப்படியே பிரித்து 6ம² + 9ம − 2ம − 3 என்று எழுதி, இரண்டிரண்டாகச் சேர்த்தால் 3ம(2ம + 3) − 1(2ம + 3). பொதுவான அடைப்பை வெளியே எடுத்தால் (3ம − 1)(2ம + 3). மனத்தால் ஊகித்துச் சொல்லும் முறை சிலருக்குக் கைவரும், ஆனால் இந்த முறை எப்போதும் ஒழுங்காக வேலை செய்யும். தேர்வுப் பதற்றத்தில் ஒழுங்கான முறையே துணை நிற்கும். நாளுக்குப் பத்துக் கணக்காக இரண்டு வாரம் போட்டால் போதும். பெருக்கல் வாய்ப்பாடு மறந்திருந்தால் இதற்கு முன்னதாகவே அதைத் திரும்ப மனப்பாடம் செய்துவிடுங்கள். காரணிகளைத் தேடும் வேகம் முழுக்க அதைப் பொறுத்தது.

விகிதமுறு கோவைகளில் கூட்டலின் நடுவே இருப்பதை அடித்துவிடக் கூடாது. (ம + 3)/3 என்பதில் இரண்டு 3களையும் அடித்து ம + 1 என்று எழுதுவார்கள். ம = 6 என்று வைத்துப் பாருங்கள்: உண்மையான மதிப்பு 3, அடித்து எழுதியது 7. பெருக்கலாக நிற்கும் காரணியை மட்டுமே அடிக்கலாம். பகுதியைப் பூச்சியமாக்கும் மதிப்பு விடையாகாது என்பதும் இங்கே முக்கியம்: ம/(ம − 2) = 2/(ம − 2) என்ற சமன்பாடு ம = 2 என்று காட்டும், ஆனால் 2ஐ இட்டால் பகுதி பூச்சியமாகிவிடுவதால் இதற்குத் தீர்வே இல்லை.

இருபடிச் சமன்பாட்டில் ம² = 5ம என்று வந்தால் இருபுறத்தையும் ‘ம’வால் வகுத்து 5 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; 0 என்ற தீர்வு அதில் தொலைந்துபோகும். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து ம(ம − 5) = 0 என்று காரணிப்படுத்துவதே முறை. இருபடிச் சூத்திரம் பருவத்தின் கடைசி வாரங்களில் வரும், அவசரத்தில் நடத்தப்படும். அதைப் பத்து நாள் முன்னதாகவே வீட்டில் தொட்டுவைத்தால் வகுப்பு இலகுவாக இருக்கும்.

ஆறாம் படி: உதவியைத் தாமதமின்றிக் கேளுங்கள்

ஏறக்குறைய எல்லாச் சமுதாயக் கல்லூரிகளிலும் கணிதப் பயிற்சி மையம் உண்டு, பெரும்பாலும் இலவசம். முன்பே அந்தப் பாடங்களை முடித்த மாணவர்களும் பயிற்றுநர்களும் அங்கே இருப்பார்கள். போகும்போது ‘எனக்கு எதுவும் புரியவில்லை’ என்று சொல்லாமல், நீங்கள் முயன்று தடைபட்ட ஒரு கணக்கைத் தாளோடு எடுத்துப் போங்கள். எந்த வரியில் நின்றுபோனது என்று காட்டினால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

ஆசிரியரின் அலுவலக நேரமும் அப்படியே. மூத்தவர்களை மரியாதையோடு விலகி நின்று பார்த்துப் பழகிய நம்மவர்கள் பலர், கேள்வி கேட்டால் தவறாக நினைப்பாரோ என்று தயங்குகிறார்கள். அமெரிக்கக் கல்லூரியில் அந்த நேரம் மாணவர்களுக்காகவே ஒதுக்கப்பட்டது. போகாமல் இருப்பதில்தான் இழப்பு. முதல் மாதத்திலேயே ஒருமுறை போய் அறிமுகமாகிக்கொள்ளுங்கள். கற்றல் குறைபாடு, பார்வைக் குறைபாடு, கடும் தேர்வுப் பதற்றம் முதலியவை இருப்பவர்கள் மாற்றுத்திறனாளி மாணவர் சேவை அலுவலகத்தில் பதிவு செய்தால் தேர்வில் கூடுதல் நேரமோ தனி அறையோ கிடைக்க வழியுண்டு. அது சட்டம் தரும் உரிமை, சலுகை அல்ல. பருவத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டிய வேலை அது. தேர்வுக்கு முந்தைய நாள் கேட்டால் நடக்காது.

ஏழாம் படி: தேர்வும் அதற்குப் பிறகும்

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இரண்டு கணக்கு எடுத்துக் கலைத்துப் போட்டு, வகுப்பில் தரும் அதே கால அளவில், அனுமதியில்லாத கருவிகள் எதுவும் இல்லாமல் எழுதிப் பாருங்கள். வீட்டுப்பாட மென்பொருளில் ‘ஒரு மாதிரி காட்டு’ என்ற பொத்தானை அழுத்திப் பழகியவர்கள் இந்த ஒத்திகையில்தான் தங்கள் உண்மை நிலையை அறிவார்கள். திருத்தித் தந்த விடைத்தாளைப் பைக்குள் திணிக்காமல், இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காரணம் எழுதுங்கள்: குறிப் பிழையா, பின்னமா, கேள்வி புரியவில்லையா, நேரம் போதவில்லையா. இரண்டாம் தேர்வுக்குள் உங்கள் பிழைகள் இரண்டு மூன்று வகைக்குள் அடங்குவதைக் காண்பீர்கள், பிறகு அவற்றை மட்டும் குறிவைத்துப் பயிற்சி செய்யலாம்.

நிலைமை கைமீறினால் நாட்காட்டியைப் பாருங்கள். பருவத் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் வரை விலகினால் சான்றிதழில் எந்தத் தடமும் இராது. அதற்குப் பின் இன்னொரு நாள் வரை விலகினால் டபிள்யூ என்று பதிவாகும். அதையும் தாண்டினால் வாங்கும் மதிப்பெண்ணே நிற்கும். டபிள்யூ சராசரியைக் கெடுக்காது, ஆனால் ஒரே பாடத்தை எத்தனை முறை எடுக்கலாம் என்பதற்குக் கல்லூரிகள் வரம்பு வைத்திருப்பதால் அதுவும் ஒரு முயற்சியாகவே கணக்கிடப்படலாம். எஃப்-1 மாணவர்களும் உதவித்தொகை பெறுகிறவர்களும் உரிய அலுவலகத்தில் கேட்காமல் ஒரு பாடத்தையும் விடக் கூடாது. 12 யூனிட்டுக்குக் கீழே இறங்கினால் விசா நிலையே பாதிக்கப்படும். பெரும்பாலான கல்லூரிகள் அடுத்த கணிதப் பாடத்துக்குப் போகக் குறைந்தது ‘சி’ தரம் கேட்கின்றன. விளிம்பில் நின்று ‘சி’ வாங்கியவர் இடைநிலை இயற்கணிதத்துக்குப் போவதாக இருந்தால், விடுமுறையில் காரணிப்படுத்தலையும் விகிதமுறு கோவைகளையும் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்த பருவத்துக்கான பதிவு இறுதித் தேர்வுக்கு முன்பே திறந்துவிடும். தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல், நடந்துகொண்டிருக்கும் பாடத்தை முன்தகுதியாகக் காட்டி, புள்ளியியலோ இடைநிலை இயற்கணிதமோ உங்கள் பட்டத்துக்கு எது வேண்டுமோ அதில் அப்போதே இடம் பிடித்துவிடுங்கள். கணிதத்தில் ஒரு பருவம் இடைவெளி விட்டால் பாதி மறந்துபோகும். இந்தப் பருவத்தின் சிலபஸையும் தேர்வுத் தாள்களையும் ஒரு கோப்பில் பத்திரமாக வையுங்கள். வேறு கல்லூரிக்கு மாறும்போது, நீங்கள் படித்த பாடம் அவர்களுடைய பாடத்துக்கு ஈடானதா என்று பார்க்க அந்த சிலபஸைக் கேட்பார்கள்.